போனை அக்காவிடம் கொடுங்கள்

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஆண்கள் முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வேட்பாளரின் கணவர். அவருக்கு ஓர் அடி பின்னால், நோட்டீஸ் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்பாளர். கணவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், நம்ம வீட்லதான் நிக்கிறாங்க. ஜெயிச்சா தெருவுக்கு என்ன வேணுமோ நான் செஞ்சு தாரேன்." அந்த 'நான்' என் காதில் விழுந்தது. பின்னால் நின்ற அக்காவின் காதிலும் விழுந்தது. நாங்கள் இருவரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் நோட்டீஸை வாங்கிக்கொண்டு, "அக்காவுக்குத்தான் போடுவேன்" என்றேன்.

மறுநாள் கல்லூரியில் இதைச் சொன்னபோது, துறையில் உடன் பணிபுரியும் தோழி இரண்டு கேள்விகள் கேட்டார். முதல் கேள்வி எல்லோரும் கேட்பது: "அவங்க வீட்டுக்காரர்தான கவுன்சிலரா இருக்கப் போறாரு? அதுக்கா போடப் போறீங்க?" இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "தெரிஞ்சவங்கன்னு நீங்க போடுறீங்க. சாதிக்காரன்னு ஒருத்தன் போடுறான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளுக்கும் நான் தேடிய பதில். உடனே கிடைக்கவில்லை. முதல் கேள்விக்கான பதிலில் நான் செய்த தவறும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தேர்தல் எங்களுக்கு வழக்கமான தேர்தல் அல்ல. சிவகாசி நகராட்சியும் திருத்தங்கல் நகராட்சியும் இணைந்து 2021இல்தான் மாநகராட்சி ஆகியிருந்தது. 48 வார்டுகள். தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11இன் மேயர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். சிவகாசி அந்தப் பதினொன்றில் ஒன்று. ஊருக்கு முதல் மேயர் என்று ஒருவர் வரும்போதே அவர் பெண்ணாகத்தான் இருக்க முடியும் என்று ஆனது. டீக்கடைகளில் அதைச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.

ஆனால் மேயருக்கு என்று நாங்கள் ஓட்டுப் போட முடியாது. 1996இலும் 2001இலும் 2011இலும் தமிழ்நாட்டில் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் வந்த அவசரச் சட்டம் மறுபடியும் கவுன்சிலர்கள் கையில் கொடுத்துவிட்டது. ஆகவே வாக்காளருக்கு இருப்பது தன் வார்டு ஓட்டு ஒன்றுதான். ஆனாலும் எந்த வார்டில் ஜெயித்து வருகிற பெண்ணும் மேயர் நாற்காலிக்கு வரலாம். அந்தக் கணக்கில், அன்று என் வாசலில் ஓர் அடி பின்னால் நின்ற அக்காவும் ஒரு மேயர் வேட்பாளர்தான். அவரை அப்படிப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று தெரியாது. நான் அப்படித்தான் பார்த்தேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய காரணம்.

நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த காலம். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். சித்தி பட்டாசுக்குப் போனார். விடிவதற்கு முன்னால் கம்பெனி வண்டி வரும். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஏறுவார். சரம் பின்னுவதில் சித்தியின் கை அவ்வளவு வேகம். ஒரு நாள் மதியம் அவர் வேலைபார்த்த இடத்தில் வெடித்தது. நாங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே கூட்டம். உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று சொல்ல ஆளில்லை. கம்பெனி கொடுத்த பெயர்ப்பட்டியலில் இருந்ததைவிட அன்று வேலைக்குப் போனவர்கள் அதிகம். சித்தியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்று அந்த அக்கா அங்கே இருந்தார். அதே இடத்தில் வேலை பார்த்தவர்; காய்ச்சல் என்று அன்றைக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எந்த அறையில் யார் உட்காருவார்கள், யாருக்குப் பக்கத்தில் யார், யார் அன்று வண்டியில் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று வந்தவர்களிடம் விசாரித்து விசாரித்து எழுதினார். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. எழுதி முடித்து, அங்கிருந்த அதிகாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்க மறுத்தார்கள். வாங்கும்வரைக்கும் அங்கேயே நின்றார். சித்தியின் பெயர் அந்தத் தாளின் வழியாகத்தான் இறந்தவர்களில் ஒருவராகக் கணக்கில் ஏறியது. இழப்பீட்டுப் பணம் சித்தியின் பிள்ளைகளுக்கு வந்தது அதனால்தான்.

இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புதிய கதை அல்ல. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் போனார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல, காப்பாற்ற ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அந்தத் தேர்தல் வந்தபோது அச்சங்குளத்துக்குச் சரியாக ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் குழப்பமாவது எண்ணிக்கைதான். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகள் வேறு வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். உள்ளே இருந்தது எத்தனை பேர் என்பதே கேள்வியாகிவிடும்.

ஒரு மனிதரை விட்டுவிடாமல் எண்ணுவது, எண்ணியதை அதிகாரம் வாங்கிக்கொள்ளும்வரை வாசலில் நிற்பது. மாமன்றத்தில் உட்காருகிறவருக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? இதுதான் என் சொந்தக் காரணம்.

இப்போது தோழியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாதிக்காரன் என்று போடுகிற ஓட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அக்காவும் நானும் ஒரே சாதி இல்லை. ஆனால் பதில் அதுவல்ல. ஒரே சாதியாக இருந்திருந்தாலும் நான் இதே ஓட்டைத்தான் போட்டிருப்பேன். எனக்கு இப்போது இப்படித் தோன்றுகிறது: சொந்தக் காரணம் வேறு, சொந்தத்துக்கான காரணம் வேறு. சாதிக்காக ஓட்டுப் போடுகிறவர் தன் காரணத்தைத் தன் ஆட்களிடம் மட்டும், அதுவும் உள்ளறையில் வைத்துத்தான் சொல்ல முடியும். அடுத்த தெருக்காரரிடம் போய், 'நம்ம ஆளு, அதனால நீங்களும் போடுங்க' என்று சொல்ல முடியாது. அந்தக் காரணம் அடுத்தவருக்குக் காரணமே ஆகாது. நான் அந்தக் காலண்டர் தாளைப் பற்றி யாரிடமும் சொல்லலாம். அதைக் கேட்கிறவருக்குச் சித்தி வேண்டியதில்லை, பட்டாசு வேண்டியதில்லை, எங்கள் தெருவும் வேண்டியதில்லை. 'நாளைக்கு என் பெயர் பட்டியலில் இல்லாமல் போனால்?' என்று நினைக்கத் தெரிந்தால் போதும். என் வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதால் ஒரு காரணம் தாழ்ந்ததாகிவிடாது. என்னோடு முடிந்துபோனால்தான் அது தாழ்ந்தது.

பெண்களின் காரணங்களைச் 'சொந்தம்' என்று ஒதுக்குவதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, விருதுநகரில் தனியாக வாழ்ந்த அவருடைய தாயார் சிவகாமி அம்மாளின் வீட்டுக்குள் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். மகன் அதைக் கேள்விப்பட்டு, ஊருக்கெல்லாம் தெருக்குழாய் இருக்கும்போது இவருக்கு மட்டும் எதற்கு என்று எடுக்கச் சொல்லிவிட்டாராம். எங்கள் ஊர்ப் பக்கம் மேடைக்கு மேடை சொல்லப்படும் கதை இது. பள்ளியில் பேச்சுப் போட்டியில் நானே இதைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த மனிதரின் நேர்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்றைய அரசியலைப் பார்க்கும்போது அது மலைபோல் உயர்ந்து நிற்கிறது. ஆனால் நாற்பது வயதுக்குப் பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது: அந்த நேர்மைக்காகக் குடத்தைத் தூக்கி நடந்தது யார்? மகனின் பெயர் வரலாற்றில் நின்றது. தாயின் இடுப்பு வலி எந்த மேடையிலும் ஏறவில்லை. ஒரு வயதான பெண்ணின் தண்ணீர்த் தேவை அவருடைய சொந்த வசதி ஆனது. அதை மறுத்தது பொது அறம் ஆனது. விருதுநகர்த் தெருக்களில் அன்று குடம் தூக்கிய எல்லா வயதான பெண்களுக்கும் குழாய் தேவைப்பட்டது என்று யோசித்தால் அது சொந்தமா, பொதுவா?

தண்ணீர் சொந்த விஷயம் அல்ல என்பதை மதுரை வில்லாபுரம் லீலாவதி தன் உயிரைக் கொடுத்துக் காட்டினார். நெசவாளர். 1996இல் மார்க்சிஸ்ட் கட்சியின் மாமன்ற உறுப்பினராக வந்தார். காசுக்கு லாரித் தண்ணீர் விற்றவர்களின் பிடியிலிருந்த பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஒரு வார்டு கவுன்சிலர் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறார் என்று கேட்கிறவர்களுக்கு, அந்தக் கொலையைச் செய்தவர்களுக்காவது ஒரு வார்டு கவுன்சிலரால் என்ன முடியும் என்று தெரிந்திருந்தது என்பதைத்தான் சொல்வேன்.

இனி முதல் கேள்வி. கணவர்தானே கவுன்சிலராக இருக்கப் போகிறார்?

அக்காவுக்கு சீட் கிடைத்தது அவர் கணவருக்குக் கட்சியில் இருந்த இடத்தால்தான். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் எப்படி வந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கல்லூரியில் என்னைச் சேர்க்க அப்பா வந்து கையெழுத்துப் போட்டார். முதல் வேலைக்கு மாமா ஒருவர் சொல்லிவிட்டார். ஆய்வேடு தட்டச்சு செய்யும் இடத்தில்கூட, "சார் வரலையா?" என்று என் கணவரைத்தான் கேட்டார்கள். எங்கள் காலத்துப் பெண்களில் ஏதாவது ஓர் ஆண் திறந்துவிட்ட கதவு வழியாக வராதவர்கள் மிகக் குறைவு. என் கவிதைகளை என் கணவர் எழுதித் தருகிறார் என்று ஒருவர் நேராகவே கேட்டிருக்கிறார். கதவைத் திறந்தவர் யார் என்பதை வைத்து எங்களை மதிப்பிட்டால் எங்களில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். உள்ளே வந்தபின் என்ன செய்தோம் என்று கேட்பதுதான் நியாயம்.

அதோடு, இந்தக் கேள்வி பெண்களிடம் மட்டும் கேட்கப்படுகிறது. அப்பாவின் சொல்படி நடக்கும் மகன், மாவட்டத்தின் சொல்படி கை தூக்கும் உறுப்பினர் என்று சொந்தக் குரல் இல்லாத ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து, 'ஆண்களுக்கு எதற்குப் பதவி?' என்று யாரும் கேட்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதுரை நினைவுக்கு வருகிறது. அங்கேயும் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சொத்துவரி முறைகேடு வழக்கில் மேயரின் கணவர் கைதானார். 2025 அக்டோபரில் மேயர் பதவி விலகினார். வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று தோழி எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அவர் பார்வைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். என் தவறைச் சொல்லாமல் அந்தப் பதில் வராது.

அக்கா ஜெயித்தார். மார்ச் 4 அன்று நடந்த மறைமுகத் தேர்தலில் சங்கீதா இன்பம் சிவகாசியின் முதல் மேயரானார். சென்னையில் அன்றே ஆர்.பிரியா மேயரானார், 1957இல் தாரா செரியன் அந்த ஊரின் முதல் பெண் மேயரான பிறகு ஒரு தலித் பெண் அந்த நாற்காலிக்கு வர இத்தனை வருடம் ஆகியிருந்தது. தொலைக்காட்சியில் பதினொரு பெண்கள் மேயர் அங்கி போட்டு நின்றதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் அக்கா 48 உறுப்பினர்களில் ஒருவராக உள்ளே போனார். நான் ஒரு கவிதை எழுதினேன். பிறகு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதுதான் தவறு. முதல் ஒன்றரை வருடம் நான் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் போன் போடுவேன். கணவர் எடுப்பார். சாக்கடை அடைத்திருக்கிறது என்பேன். "ஆள் அனுப்புதேன் டீச்சர்" என்பார். ஆள் வரும். வேலை முடிந்தது என்று நானும் வைத்துவிடுவேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான். கவுன்சிலரின் கணவரை நாங்கள்தான், ஒவ்வொரு போனிலும், கவுன்சிலர் ஆக்கிக்கொண்டிருந்தோம். வேட்பாளர் ஓர் அடி பின்னால் நின்றதைக் கண்ட என் கண், அந்த ஓர் அடியை நானே நீட்டிக்கொண்டிருந்ததைக் காணவில்லை.

தண்ணீர்தான் அதை உடைத்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை வைத்து வரும். வால்வு திறக்கும் நேரம் காலை எட்டு, ஒன்பது மணி. விடியுமுன் பட்டாசு வண்டி ஏறுகிற பெண் அந்த நேரத்தில் எப்படிப் பிடிப்பாள்? ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்து கூலியை இழப்பாள். இல்லையென்றால் பள்ளிக்குப் போகும் மகளை நிறுத்திப் பிடிக்க வைப்பாள். அண்ணன் தம்பியை யாரும் நிறுத்துவதில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நேரத்தை மாற்றலாம் என்று யாரும் கேட்டதில்லை. என் பக்கத்து வீட்டுப் பெண் மாதத்துக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம் போவதில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

நாங்கள் ஆறு பெண்கள் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனோம். வழக்கம்போல் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றார். சரம் பின்னும் பெரியம்மா ஒருவர், "தம்பி, நீங்க செத்த இருங்க. அவ பேசட்டும்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். வண்டி எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்கு எத்தனை வண்டி, யார் வீட்டில் பிடிக்க ஆளில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த அதே கையெழுத்து.

அந்த நோட்டோடு அவர் பலமுறை அலைந்தார். இப்போது எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் ஒரு முறை விட்டு ஒரு முறை விடியற்காலையில் தண்ணீர் திறக்கிறார்கள். இவ்வளவுதான். வெடிவிபத்தைக் கவுன்சிலரோ மேயரோ நிறுத்திவிட முடியாது. ஆலைகளில் பெரும்பாலானவை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நாக்பூர் லைசன்ஸ், டி.ஆர்.ஓ. லைசன்ஸ் என்று அந்த அதிகாரம் வேறு இடங்களில் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியில் ஏறுகிறவள் எந்த வெளிச்சத்தில் நடந்து வருகிறாள், எப்போது தண்ணீர் பிடிக்கிறாள், அவள் மகள் பள்ளிக்குப் போகிறாளா என்பதெல்லாம் மாமன்றத்தின் கையில் இருக்கிறது.

ஆகவே தோழிக்கு என் பதில் இது. ஆமாம், கணவர் வந்து உட்காருவார். நாம் ஓட்டைப் போட்டுவிட்டு எழுந்து போன இடத்தில்தான் அவர் உட்காருகிறார். கட்சிக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள், வீட்டு ஆண்கள் என்று எல்லோரும் தினமும் அவளிடம் போகிறார்கள். அவளைத் தேர்ந்தெடுத்த பெண்கள் மட்டும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போகிறோம். ஒரு பெண்ணை ஆதரிப்பது என்றால் அவள் நல்லவள் என்று சான்றிதழ் கொடுப்பது என நினைத்திருந்தேன். அவளை அந்த நாற்காலியில் தனியாக விடாமல் இருப்பதும், கேட்க வேண்டியதை அவளிடமே போய்க் கேட்பதும், அவள் சறுக்கினால் அவள் முகத்துக்கு நேரே சொல்வதும்தான் ஆதரவு. இதைச் செய்ய எனக்கு நேரமில்லை என்றால், அவள் பொம்மையாகிவிட்டாள் என்று சொல்லும் உரிமையும் எனக்கில்லை.

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பொதுவாகிவிடலாம். அப்போதும் நிற்பீர்களா என்று அக்காவிடம் போன வாரம் கேட்டேன். "அவுக நிக்கணும்னு சொல்றாக" என்று கணவரைக் காட்டிச் சிரித்தார். "நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்றேன். "யோசிச்சுக்கிட்டிருக்கேன் டீச்சர்" என்றார்.

இன்று காலை தெருவிளக்கு எரியவில்லை என்று போன் போட்டேன். கணவர்தான் எடுத்தார். "சொல்லுங்க டீச்சர், ஆள் அனுப்புதேன்" என்றார்.

"அண்ணே, போனை அக்காகிட்ட குடுங்க" என்றேன்.